பிராக்டிஸுக்குப் போட்டான்

நான் சொன்ன பொய்களில் முக்கால்வாசி சாமத்திய வீடுகளிலும் கலியாண வீடுகளிலும் சொன்னவை. வீட்டில் அவ்வளவாகப் பொய் சொல்வதில்லை. வேலையில் சொல்லவே முடியாது. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், ஒரு தரிப்பிடத்துக்கு மூன்று நிமிடம் பிந்தினாலும் அது எங்கோ பதிவாகிவிடும். ஆனால் பட்டுச்சேலையோடு ஒரு மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டால் என் வாய் தன்பாட்டில் வேலை செய்யத் தொடங்கிவிடும். கணவர் எங்கே என்று கேட்டால், "லோட் ஒண்டு வந்திட்டுது, வின்னிபெக் போட்டார்" என்பேன். அவர் லொறி ஓட்டுகிறவர் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. உண்மையில் அவர் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டுச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார்.

இவற்றைப் பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்கிறார்கள். கேட்கிறவர்களுக்கும் தெரியும், தெரிந்துகொண்டுதான் தலையாட்டுவார்கள். ஆனால் அப்படிச் சொன்ன ஒன்றை ஒரு பொலிஸ்காரர் தன் சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு என் மகனுக்கு நடந்ததில் பெரும்பகுதி அந்த ஒரு வரியால் வந்தது. அதை ஒன்றும் மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. என் மகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆகவே அவனிடம் மன்னிப்புக் கேட்பதற்காக எழுதுகிறேன் என்றும் சொல்ல முடியாது.

அவன் ஃபுட்போல் விளையாடுகிறவன். எங்கள் சனத்திடம் இதைச் சொன்னால் உடனே, "எந்தக் கழகத்துக்கு அடிக்கிறவர்?" என்று கேட்பார்கள். காலால் அடிக்கிற பந்து இல்லை இது. இரண்டு பக்கமும் கூரான பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, தலைக்கவசம் போட்டவர்கள் ஒருவரையொருவர் முட்டித் தள்ளுகிற விளையாட்டு. பந்தை எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து பேர் நிரையாக நிற்பார்கள். பின்னால் நிற்கிறவன்மேல் எதிரணிக்காரர் பாய்ந்து விழாமல் மறிப்பது அவர்கள் வேலை. என் மகன் அந்த ஐந்து பேரில் ஒருவன். ஆறடி நாலங்குலம், முந்நூறு இறாத்தலுக்கு மேலே. ஒரு ஆட்டம் முழுக்கப் பந்து அவன் கைக்கு வராது. நாலு வருடமாகப் பனியிலும் மழையிலும் கதிரை கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேன், எதற்கு விசில் ஊதுகிறார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவன் நம்பரை மட்டும் பார்ப்பேன். விழுந்தவன் எழும்பினால் போதும்.

ஒவ்வொரு வருடமும் வசந்தத்தில் இந்த நாட்டின் தொழில்முறை அணிகள் பல்கலைக்கழகங்களில் விளையாடுகிற பிள்ளைகளிலிருந்து தங்களுக்கு வேண்டியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுப்பார்கள். ட்ராஃப்ற் என்று அதற்குப் பெயர். அந்த வருடம் இவனையும் எடுப்பார்கள் என்று பேச்சிருந்தது. முதல் வரிசையில் இல்லை, நடுவில் எங்காவது வரும் என்று அவனுடைய பயிற்சியாளர் என்னிடமே சொன்னார். அதற்கு முன் பங்குனியில் ஓடவிட்டும் பாரம் தூக்கவைத்தும் சோதிப்பார்கள். அதற்கு அழைப்பு வந்திருந்தது. பத்து வயதிலிருந்து அவன் கேட்டது அது ஒன்றைத்தான். வேறு எதையும் அவன் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

மாசி மாதத்தில், ஒரு ஞாயிறு மத்தியானம், என் தம்பியின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. ஸ்காபரோவில் தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு மண்டபம். நான் பிள்ளையின் ஒரே மாமி, ஆகவே ஆலாத்தி எடுப்பதிலிருந்து தட்டுச் சுமப்பதுவரை எல்லாவற்றிலும் எனக்குப் பங்கு இருந்தது. கணவர் இந்தமுறை உண்மையாகவே லோட் எடுத்துக்கொண்டு போயிருந்தார். மகனை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அவனைக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் விழாக்கள் இரண்டு இடத்தில் நடக்கும். உள்ளே மேடை, பூ அலங்காரம், பிள்ளையார் படம், சைவச் சாப்பாடு. வெளியே கார்த் தரிப்பிடத்தில், யாராவது ஒருவருடைய காரின் திறந்த டிக்கி. அதற்குள் விஸ்கிப் போத்தல், சோடா, பிளாஸ்ரிக் கோப்பைகள், அலுமினியத் தட்டில் ஆட்டிறைச்சிப் பிரட்டல். மைனஸ் பதினைந்து குளிர் என்றாலும் ஆண்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு அதைச் சுற்றி நிற்பார்கள். உள்ளே இருக்கிற எங்களுக்கு அது தெரியாது என்று ஒரு பாவனை. அன்றைக்குத் திறந்திருந்தது என் தம்பியின் டிக்கி. மகளின் விழாவுக்கு வந்தவர்களை அவன் உள்ளேயும் உபசரித்தான், வெளியேயும் உபசரித்தான்.

"மருமோன் லீக்குக்குப் போப்போறான், ஒண்டு எடுக்காமல் விடுறதே" என்று என் மகனைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். அவன் பயிற்சிக் காலத்தில் தொடுவதில்லை. சோதனைக்கு எடை பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஆனால் மாமா நீட்டினால் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று அவனுக்குச் சொல்லி வளர்த்தது நான்தான். ஒரு மாமா வார்த்தால் மற்ற மாமாவும் வார்ப்பார். நாலு கோப்பை என்று பிறகு சொன்னான். அந்தக் கோப்பைகளில் அவர்கள் எவ்வளவு வார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவன் உள்ளே வந்ததை நான் மேடைக்குப் பக்கத்தில் நின்று கண்டேன். ஒரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான், சும்மா சிரித்தான். மேசைகளுக்குள்ளால் போய் அவன் கையைப் பிடித்தேன். மணந்தது.

"குடிச்சனியே?"

"மாமா தந்தவர், அம்மா."

"ஒருத்தரும் பாக்க முதல் போய்க் காருக்குள்ளை இரு. ஹீற்றரைப் போட்டுக்கொண்டு படு. காரை ஓடிப்போடாதை, விளங்கிச்சோ? முடிய நான் வந்து ஓடுறன்."

"ஓகே அம்மா. சொறி."

கார்த் திறப்பை அவன் கையில் வைத்தேன். அவன் சமையல்கட்டுப் பக்கக் கதவால் வெளியே போனான். பதினெட்டு வருடம் ஓட்டுகிறவள் நான், குடித்த பிள்ளையை ஓடவிடாமல் தடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன். காரின் முன்சீற்றில் பலகாரப் பெட்டிகள் அடுக்கியிருந்தேன். பின்சீற்றில் தாம்பாளங்களும் மாற்றுச்சேலைகளும். அந்தப் பெரிய உடம்புக்கு மிஞ்சியிருந்தது ஓட்டுநர் சீற் ஒன்றுதான். அவன் அதைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்துவிட்டு, எஞ்சினைப் போட்டு, நித்திரையாகிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் மைக்கில் கூப்பிட்டார்கள், மாமி குடும்பம் படம் எடுக்க மேடைக்கு வரவும் என்று. நான் தனியே ஏறினேன். தம்பியின் மனைவி, என் மச்சாள், கமராக்காரரை நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"எங்கை மச்சாள் மோன்? இப்ப நிண்டவனெல்லே?"

முந்நூறு பேர் கீழே இருந்தார்கள். "பிராக்டிஸுக்குப் போட்டான்," என்றேன். "அடுத்த மாதம் ரெஸ்ற் இருக்கெல்லே. ஒருநாளும் விடமாட்டான். இப்பத்தான் வெளிக்கிட்டவன்."

"ஞாயிற்றுக்கிழமையும் போறானே! குடுத்து வைச்சனீங்கள்," என்றாள் அவள்.

அது எனக்கு இனித்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதைக்கு அர்த்தமில்லை. கீழே இறங்கி மேசை மேசையாகப் போய் அதையே சொன்னேன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். நாலாவது மேசையில் பயிற்சியாளர் போன் பண்ணி அவசரமாகக் கூப்பிட்டார் என்று ஒரு துண்டு சேர்த்துக்கொண்டேன்.

பக்கத்துத் தொழிற்சாலையில் வேலைசெய்கிற யாரோ, ஆட்கள் வெளியில் நின்று குடிக்கிறார்கள் என்று பொலிஸுக்குப் போன் அடித்துவிட்டார்கள். பொலிஸ் கார் திரும்புவதைக் கண்டதும் டிக்கி மூடப்பட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்கள் ஒரேயடியாக உள்ளே வந்து, கையைத் தேய்த்துக்கொண்டு, சாப்பாட்டு வரிசையில் நல்ல பிள்ளைகளாக நின்றார்கள். தம்பியும் நின்றான். வெளியே மிஞ்சியது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த ஒரு கார், அதற்குள் ஒரு பெடியன். ஒருத்தருக்காவது அவனைத் தட்டி எழுப்ப வேண்டும் என்று தோன்றவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பத்திக்கொண்டு வரும்.

வரவேற்பு மேசையில் என்னைத் தேடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை வந்து கூப்பிட்டது. சாமத்தியப்பட்ட பிள்ளையின் படம் போட்ட பெரிய பலகைக்குக் கீழே ஒரு இளம் பொலிஸ்காரர் நின்றார். மச்சாளும் வேறு இரண்டு அன்ரிமாரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஆண்கள் குடித்ததைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

கார் இலக்கத்தைச் சொல்லி, உங்களுடையதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆம் என்றேன். இப்போது அது யாரிடம் இருக்கிறது? மகனிடம் என்றேன். மகன் எங்கே போகிறார் என்று தெரியுமா?

என் இடது தோளுக்குப் பின்னால் மச்சாளின் சேலை சரசரத்தது. பத்து நிமிடத்துக்கு முன்தான் அவளுக்கு ஒன்று சொல்லியிருந்தேன். அவளுக்கு முன்னால் பொலிஸ்காரருக்கு வேறொன்றை எப்படிச் சொல்வது?

"பயிற்சிக்குப் போகிறான்," என்றேன். "இப்போதுதான் வெளிக்கிட்டான்."

அவர் எழுதினார். நின்று, அவசரப்படாமல் எழுதினார். பிறகுதான் சொன்னார்: உங்கள் மகன் வெளியே காரில் இருந்தார், குடித்திருக்கிறார், கைதுசெய்திருக்கிறோம். அன்ரிமாரில் ஒருவர் "ஐயோ" என்று வாயைப் பொத்தினார். பொலிஸ்காரர் என்னைப் பார்த்து, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அவனைக் காரில் படுக்கச் சொன்னது நான், ஓட்டப்போவதும் நான், முதல் சொன்னது பொய் என்று மூன்று வசனம். எனக்கு அந்த அளவு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அந்த மூன்று பெண்களும் எனக்குப் பின்னால் நிற்காவிட்டால் சொல்லியிருப்பேன்.

"நோ, சேர்," என்றேன்.

காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு கிழமைக்குத் தரமாட்டார்கள். பலகாரப் பெட்டிகளை மட்டும் எடுக்கவிட்டார்கள். என்னையும் பெட்டிகளையும் தம்பிதான் தன் காரில் வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். மகனுக்கு வார்த்த அதே போத்தலில் அவனும் குடித்திருந்தான். வழியில் இரண்டு பொலிஸ் கார்கள் எங்களைக் கடந்து போயின. நான் அவனுக்குப் பக்கத்தில் பெல்ற் போட்டுக்கொண்டு இருந்தேன். மற்ற நாளென்றால் அப்படி ஒருவன் ஓட்டுகிற காரில் ஏறுவேனா? அன்றைக்கு ஏறினேன், ஏனென்றால் ஏறமாட்டேன் என்றால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

பின்னேரம் மகனை விட்டார்கள். ஊதவைத்துப் பார்த்ததில் சட்டம் விடுகிற அளவைவிடக் கொஞ்சம் கூட இருந்ததாம். லைசென்ஸை மூன்று மாதத்துக்குப் பறித்துவிட்டார்கள். வழக்கு நடந்து குற்றம் என்று தீர்க்கவேண்டியதில்லை, அது அப்போதே நடக்கிற தண்டனை. அவன் குசினிக் கதிரையில் இருந்து திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான்.

"பட் நான் ஓடேல்லையே, அம்மா. ஐ வாஸ் ஸ்லீப்பிங்."

அடுத்த இரண்டு நாளில் போன் பண்ணிய எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். நிண்ட காருக்கு என்ன கேஸ், உது நிக்காது, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ என்று. டிக்கியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் இப்போது சட்டத்தரணிகளாகிவிட்டார்கள்.

மார்க்கம் என்ற பக்கத்து நகரில் ஒரு பெண் வழக்கறிஞரிடம் போனோம். தமிழர் இல்லை. அவர் பொறுமையாக விளக்கினார். இந்த நாட்டுச் சட்டத்தில் ஓட்டுவது என்றால் சில்லு உருளுவது மட்டும் இல்லை. வாகனம் உன் கையில், உன் பொறுப்பில் இருந்தாலும் அது ஓட்டுவதில் சேரும். குடித்தவர் ஓட்டுநர் சீற்றில் இருந்தால், ஓட்டத்தான் அங்கே இருந்தார் என்று சட்டம் முதலிலேயே எடுத்துக்கொள்ளும். இல்லை, அதற்காக இருக்கவில்லை என்று காட்டவேண்டியது நாங்கள். பக்கத்து சீற்றில் இருந்திருந்தால் இவ்வளவு பிரச்சினை இல்லை என்றார். பஸ் ஓட்டப் பழகியபோது எத்தனையோ வகுப்பு, எத்தனையோ சோதனை எழுதினேன், ஒரு சீற்றில் இருப்பது குற்றமாகலாம் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

"ஆனால் உங்களுக்கு நல்ல சாட்சி இருக்கிறது," என்று வழக்கறிஞர் என்னைக் காட்டினார். "குடிக்காத அம்மா. தொழிலே ஓட்டுவது. நான் வந்து ஓட்டுகிறேன், நீ படு என்று திறப்பைக் கொடுத்திருக்கிறார். இதைவிட என்ன வேண்டும்?"

மகன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். கைதான நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன். மண்டபத்து வாசலில் நான் சொன்னதை அங்கே சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று சொன்னால் அதுவும் பொய். அது பொலிஸுக்குக் கொடுத்த வாக்குமூலம் என்று எனக்குப் படவில்லை. மச்சாளுக்குச் சொன்னதைப் பொலிஸ்காரரும் பக்கத்தில் நின்று கேட்டார், அவ்வளவுதான் என்று மனதை ஆற்றிவைத்திருந்தேன்.

ஐந்தாறு கிழமையில் பொலிஸ்காரரின் கோப்பு வழக்கறிஞரிடம் வந்தது. எங்களைத் திரும்பக் கூப்பிட்டார். இந்தமுறை தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை. ஒரு தாளை எடுத்து வாசித்தார். காரின் உரிமையாளர், சந்தேகநபரின் தாய், மகன் பயிற்சிக்குப் போவதற்காக இப்போதுதான் புறப்பட்டதாகக் கூறினார். வேறு எதுவும் கூற விரும்பவில்லை.

"அம்மா," என்றான் மகன். "இது நீங்கள் சொன்னதோ?"

"அன்ரிமார் பக்கத்திலை நிண்டவை..."

"ஸோ?"

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் வழக்கறிஞர் பேனையோடு காத்திருந்தார். அன்ரிமார் நின்றால் என்ன என்பதை அந்த அறையில் எந்தப் பாஷையில் சொல்லுவது? வீட்டில், மண்டபத்தில், கோயிலில் அது யாருக்கும் விளக்கவேண்டிய விஷயமே இல்லை.

"ஸோ வட், அம்மா?" என்று திரும்பக் கேட்டான். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

வழக்கறிஞர் சொன்னார், இனி இரண்டு வழிதான். உங்களைச் சாட்சிக்கூண்டில் ஏற்றாவிட்டால் மகனின் சொல் மட்டும்தான் இருக்கும். ஏற்றினால் அரசுத்தரப்பு இந்தத் தாளை எடுக்கும். அவன், அம்மா ஏறவேண்டாம் என்றான். நான் ஏறுவேன் என்றேன். நான் முடிச்சுப் போட்டதை நானே அவிழ்ப்பேன் என்று நினைத்தேன்.

பங்குனியில் சோதனைக்குப் போனான். நன்றாக ஓடினான், முன்னெப்போதையும்விடப் பாரம் தூக்கினான். அங்கே அணிக்காரர் ஒவ்வொருவரும் கைதைப் பற்றிக் கேட்டார்களாம். அம்மா வருவதற்காகக் காத்திருந்தேன் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறான். சித்திரையில் ஒரு அணியிலிருந்து போன் வந்தது. அவன் குசினியில் நின்று ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்தான், நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் அன்பாகத்தான் பேசினார். கடைசியில் கேட்டார், பொலிஸ் கோப்பில் நாங்கள் பிறகு கண்டு திடுக்கிடுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

இவன் என்னைப் பார்த்தான். இல்லை என்று சொல்லடா என்று என் உள்மனம் கத்தியது. இவன், "யெஸ், சேர்," என்றான். அந்த வரியைச் சொன்னான். அம்மா அப்படி ஏன் சொன்னார் என்று கேட்டதற்கு, எங்கள் குடும்ப விஷயம் என்று மட்டும் சொன்னான். உண்மை சொன்னதற்கு நன்றி என்று அந்த மனிதர் போனை வைத்தார். அதற்குப் பிறகு எந்த அணியிலிருந்தும் போன் வரவில்லை.

ட்ராஃப்ற் அன்று அவன் ஜிம்முக்குப் போய்விட்டான். கணவர் லொறியோடு மனிற்றோபாப் பக்கம் நின்றார், அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் போன் எடுத்து, "சொன்னவங்களோ?" என்று மட்டும் கேட்டார். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு ரீவிக்கு முன்னால் இருந்தேன். ஒவ்வொரு பெயர் வரும்போதும் அந்தப் பெடியனின் தாயைக் காட்டுகிறார்களா என்று பார்த்தேன். ஒருத்தி அழுதாள், ஒருத்தி துள்ளினாள். இவனோடு நிரையில் நின்ற, இவனைவிட மெலிந்த ஒரு பெடியனின் பெயரும் வந்தது. கடைசிப் பெயரும் முடிந்து, ரீவியில் யார் யாரோ பேசத் தொடங்கினார்கள். மகன் வந்து, சாப்பாடு என்ன இருக்கு என்று கேட்டான். கோழிக்கறியும் புட்டும் வைத்தேன். முழுவதையும் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தான். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. என் முகத்தைக் கண்டு அறிந்திருப்பான்.

வழக்கு அடுத்த குளிர்காலத்தில்தான் வந்தது. வென்றால் பெயர் சுத்தமாகும், அடுத்த வருடம் ஏதாவது அணி பயிற்சி முகாமுக்கு என்றாலும் கூப்பிடும் என்று அவனுடைய பயிற்சியாளர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒன்று மிச்சமிருந்தது. அதற்காக அவன் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி தூக்கிக்கொண்டு, விடிய எழும்பி ஓடினான்.

மொழிபெயர்ப்பாளர் வைத்தால் யோசித்துப் பதில் சொல்ல நேரம் கிடைக்கும் என்று வழக்கறிஞர் சொன்னார். வந்தவர் என் வயதுத் தமிழ்ப் பெண். எங்கோ கண்ட முகம். றிச்மண்ட் ஹில் கோயிலில் திருவிழா நேரம் அன்னதான வரிசையில் என்று கூண்டில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

எங்கள் வழக்கறிஞர் கேட்டதற்கெல்லாம் நன்றாகவே சொன்னேன். திறப்பைக் கொடுத்தது, படுக்கச் சொன்னது, முன்சீற்றில் பலகாரப் பெட்டி இருந்தது எல்லாம். பிறகு அரசுத்தரப்பு வழக்கறிஞர் எழும்பினார். மெலிந்த மனிதர், மரியாதையான குரல். என் வேலையைப் பற்றிக்கூட இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு அந்தத் தாளை எடுத்தார். அவர் கேட்டதை அந்தப் பெண் தமிழில் கேட்டார்.

"மகன் பயிற்சிக்குப் போறார் எண்டு பொலிஸ் அதிகாரியிட்டைச் சொன்னனீங்களோ?"

"ஓம்."

"அது உண்மையோ?"

"இல்லை."

"ஏன் சொன்னனீங்கள்?"

"வெக்கமாயிருந்தது."

அதை ஆங்கிலத்தில் சொல்ல அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல்தான் செலவானது.

"வெக்கம் வந்தால் உண்மையில்லாததைச் சொல்லுவீங்களோ?"

சத்தியம் செய்துவிட்டு நிற்கிறேன். எத்தனை மண்டபம், எத்தனை மேசை என்று எனக்குத் தெரியாதா? "ஓம்," என்றேன்.

"பொலிஸ்காரரிட்டைக்கூட?"

"ஓம்."

அவர் தாளைக் கீழே வைத்தார். மெதுவாக ஒன்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் முதல்முறையாக என் கண்ணைப் பார்க்காமல் அதைத் தமிழில் சொன்னார்.

"இண்டைக்கு இஞ்சை நிக்க உங்களுக்கு வெக்கமாயிருக்கோ?"

கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு விளங்கியது. நான் ஒன்றும் விளங்காதவள் இல்லை. எங்கள் வழக்கறிஞர் தலையைக் குனிந்து எதையோ எழுதுவதும் தெரிந்தது. மகன் தன் பெரிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். கோயிலில் காணும் முகம் ஒன்று ஒரு முழத் தூரத்தில் காத்துக்கொண்டு நின்றது. என் உடம்பெல்லாம் கூசியது. இனி உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை என்று கூண்டில் ஏற முதலே அவனுக்காக முடிவெடுத்திருந்தேன். அதையே பிடித்துக்கொண்டேன்.

"ஓம்," என்றேன். "சரியான வெக்கமாயிருக்கு."

வேறு கேள்வி இல்லை என்று அவர் நன்றி சொல்லிவிட்டுத் தன் கதிரையில் இருந்தார்.

நீதிபதி ஒரு வயதான பெண். தீர்ப்பை வாசித்தபோது என்னைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னார். மகன்மேல் அளவில்லாத அன்புள்ள தாய் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வெட்கப்படும்போது பொய் சொல்வதாகச் சொல்லிவிட்டு, இப்போதும் வெட்கப்படுவதாகச் சொல்கிற ஒருவரின் சாட்சியத்தில் இந்த நீதிமன்றம் தங்கியிருக்க முடியாது. மகன் சொன்னது மட்டும் சட்டத்தின் எடுகோளை உடைக்கப் போதாது. குற்றவாளி. ஒரு வருடம் வாகனம் ஓட்டத் தடை, தண்டம், அதோடு காலம் முழுக்கக் கூட வரப்போகிற குற்றப் பதிவு.

வழக்கறிஞரோடு கைகுலுக்கிவிட்டு இரண்டு பேரும் வெளியே வந்தோம். நான் காரின் பனியைத் தட்டினேன், அவன் மற்றப் பக்கம் தட்டினான். ஏறி இருந்தோம். நெடுஞ்சாலைக்கு ஏறினேன். நான் ஏதாவது பேசவேண்டும் என்று, மேன்முறையீடு செய்யலாமாம், வேறு லோயர் ஒருவரைக் கேட்போம் என்றேன். அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

"அம்மா, கடைசிக் கேள்விக்கு நோ எண்டு சொல்லியிருக்கலாமே."

"அது பொய்யெல்லே, அப்பன்."

"ஐ நோ," என்றான். கோபம் இல்லை அவன் குரலில். விளையாட்டு முடிந்து தலைக்கவசத்தைக் கழற்றும்போது வருகிற களைப்புத்தான் இருந்தது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தமிழிலேயே, பிழையில்லாமல் சொன்னான்.

"எல்லாருக்காகவும் சொன்னனீங்கள். எனக்காக ஒண்டு சொல்லியிருக்கலாம்."